காயாத ஜாக்கெட்

ஆறு நாளாகியும் ஜாக்கெட் காயவில்லை.

டென்மார்க்கில் மே மாதத்தில் ஒரு துணி காயாமல் இருக்க எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். விபோர்க் நகரில், அந்த மூன்றாம் மாடி வீட்டின் ஒடுக்கமான வாசல் நடையில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே இருந்த கொளுக்கியில் அந்த நீல ஜாக்கெட் தொங்கியது. ஒரு கையின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு மகன் லோஜனுடைய சப்பாத்துக்குள் சொட்டென்று விழுந்தது. கோணேஸ்வரன் ஹீற்றரைக் கூட்டினான். நிலக்கீழ்ச் சலவை அறைக்குக் கொண்டுபோய் உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு மணிநேரம் சுற்றவிட்டான். வெளியே எடுத்தபோது முன்னைவிடப் பாரமாக இருந்தது.

அது எதிலாவது நனைந்து ஈரமாகியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அன்று மழை இல்லை. அவன் தண்ணீரில் இறங்கவும் இல்லை. காலையிலிருந்து மாலைவரை ஒரு மடக்குக் கதிரையின் முதுகில் தொங்கி வெயில் காய்ந்த ஜாக்கெட் அது. ஆனால் இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், எந்தக் கதிரை, எங்கே இருந்த கதிரை என்று கேட்பார்கள். அன்றைக்கு அவன் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தவன்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மே பதினாறு, சனிக்கிழமை. வன்னியில் சண்டை ஒரு துண்டுக் கடற்கரைக்குச் சுருங்கியிருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்ற உப்பேரி, நடுவில் சனம். அந்தச் சனத்துக்குள் அவனுடைய தங்கை கமலாதேவியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும். விபோர்க்கிலிருந்து கொப்பன்ஹேகனுக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் பஸ் போனது. தமிழ்ச் சங்கத்துப் பாலேந்திரா பெயர்ப்பட்டியலும் பேனையுமாகப் பஸ் வாசலில் நின்றார். சங்கம் இரண்டு அணியாக இருந்தபடியால் பதாகையின் எந்தக் கம்பை எந்த அணி பிடிப்பது என்பது வைலே நகரம் தாண்டும்வரை முடிவாகவில்லையாம். பிறகு கோகிலா சொன்னாள். அவன் மனைவி கோகிலாவும் லோஜனும் போனார்கள். அவனுக்கு முப்பத்தொன்பது பாகை காய்ச்சல். வெப்பமானியை மேசைவிளக்கின் குமிழில் பிடித்து வரவழைத்த காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் படித்தவற்றில் நாற்பத்திரண்டு வயதுவரை அவனுக்கு உதவிக்கு வந்தது அது ஒன்றுதான்.

கோகிலா அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

"சும்மா கொதிக்குது," என்றாள். "பிளாஸ்கில மல்லித்தண்ணி வச்சிருக்கிறன். சூடாக் குடிச்சிட்டுப் படுங்கோ. அங்க உங்கட பேரையும் சேர்த்துக் கத்துறன்."

பஸ் போய்ப் பத்து நிமிடத்தில் பிரெபெனுடைய கார் வந்தது. பிரெபென் அவன் வேலைசெய்யும் ஜன்னல் தொழிற்சாலையின் மேற்பார்வையாளன். நல்ல மனிதன். கண்ணாடி வெட்டும் பகுதிக்குப் புதிய பொறுப்பாளரை அந்த மாதம் அவன்தான் தெரிவுசெய்ய இருந்தான். கேட்டால் அந்தப் பதவிக்காகத்தான் போனேன் என்று கோணேஸ்வரன் சொல்லியிருப்பான். அது இரண்டாவது பொய்யாக இருந்திருக்கும். நான்கு மாதமாகத் தொலைக்காட்சியில் அந்தக் கடற்கரையைப் பார்த்துப் பார்த்து, ஒரேயொரு நாளாவது அதை நினைக்காமல் இருக்க வேண்டும்போல அவனுக்கு இருந்தது. அவ்வளவுதான். வெளியே சொல்லக்கூடிய ஆசையா அது.

காரில் இருபது நிமிடத்தில் ஏரி வந்தது. மின்சாரத்துக்காக ஆற்றை மறித்துக் கட்டிய ஏரி என்று பிரெபென் பெருமையாகச் சொன்னான். அடியில் தோட்டங்கள், வேலிகள், வீடுகள் எல்லாம் இருக்கின்றனவாம். ஒரு பழைய வண்டிப்பாதை புல்லுக்குள்ளால் வந்து, தயங்காமல், அப்படியே தண்ணீருக்குள் இறங்கிப் போனது.

"எங்கட ஊரிலயும் இருக்கு. கந்தளாய்க் குளம். அரசன் கட்டினது," என்றான் கோணேஸ்வரன் டேனிஷில்.

"இங்கே அரசன் இல்லை. கமிட்டி," என்றான் பிரெபென். "அதனால்தான் நேரத்துக்கு முடிந்தது."

கோணேஸ்வரன் சிரித்தான். அன்று பல தடவை சிரித்தான். ஒருநாள் மீன்பிடிச் சீட்டு எடுத்தார்கள். மீன் ஒன்றும் படவில்லை. அடுப்பில் சொசேஜைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, கதிரையில் தொங்கிய ஜாக்கெட்டுக்குள் தொலைபேசி அடித்தது. ஒரேயொரு தடவை. எடுத்துப் பார்த்தான். எண்பத்தெட்டில் தொடங்கும் நீளமான சற்றலைட் போன் இலக்கம். தங்கச்சியாகத்தான் இருக்கும். பல வருடமாக அதுதான் வழக்கம்: ஊரிலிருந்து ஒருதடவை அடித்து வைத்தால், நீ திருப்பி எடு என்று அர்த்தம்.

"அவசரமா?" என்றான் பிரெபென்.

"இல்லை. மிஸ்ட் கோல். ஆறுதலா எடுக்கலாம்."

தொலைபேசியைத் திரும்ப ஜாக்கெட்டுக்குள் போட்டான். பிரெபென் கோப்பி தந்தான். கோப்பிக்கு இடம் வேண்டும் என்று பிளாஸ்கைத் திறந்து, இன்னும் ஆவி பறந்த மல்லித்தண்ணியை ஏரிக்குள் ஊற்றினான்.

பின்னேரம் அந்த இலக்கத்துக்கு எடுத்தான். போகவில்லை. திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது.

அந்தக் கிழமை முழுவதும் ஆட்கள் அவனிடம் காய்ச்சலைத்தான் விசாரித்தார்கள். கோகிலா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்: முப்பத்தொன்பதிலும் மனிசன் பஸ்சுக்கு வர வெளிக்கிட்டது, நான்தான் மறிச்சனான். புதன்கிழமை பாலேந்திரா தோடம்பழமும் கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"வவுனியா முகாமுக்குத் தப்பி வந்த எங்கட கிறிஸ்துநாயகம் கதைச்சவர்," என்றார், ஜாக்கெட்டிலிருந்து சொட்டியதைத் தாண்டிக் காலை வைத்தபடி. "கடைசியா ஒரே ஒரு போன் தானாம் இருந்தது. களப்புக் கரையில நூறு பேர் வரிசை. ஒராளுக்கு ஒருக்கா அடிக்க விடுவினமாம். எடுத்தால் ஒரு நிமிசம் கதைக்கலாம். எடுக்காட்டி அடுத்த ஆள்."

"எப்ப?" என்றான் கோணேஸ்வரன்.

"சனிக்கிழமை. நீங்கள் காய்ச்சலெண்டு கிடந்தனீங்களே, அண்டைக்கு. அந்த வரிசையில நிண்ட ஆக்கள் கனபேர் பிறகு வரேல்லையாம்." தோடம்பழப் பையை நீட்டினார். "உடம்பைப் பாருங்கோ தம்பி."

அவர் போன பிறகு கோணேஸ்வரன் ஜாக்கெட்டின் கைநுனியைப் பிழிந்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

டென்மார்க் ஏரியின் தண்ணீர் உப்பில்லை. மணமும் அந்த ஏரியின் மணமில்லை. அழுகின கண்டல் மரத்து இலை, இறால், சேறு, எங்கோ எரிந்து அணைந்த ரயர். லோஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான்: "ஃபார், தே லுக்டர்." அப்பா, நாறுகிறது என்று டேனிஷில். "அப்பாட ஜாக்கெட்டை அப்பிடிச் சொல்லாத," என்றாள் கோகிலா.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொலைபேசி அடித்தது. ஒரு தடவை. அவனுடைய தொலைபேசி மேசையில், பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில், இருட்டாகக் கிடந்தது. சத்தம் நடையிலிருந்து வந்தது.

"ஜாக்கெட்டுக்குள்ளயும் ஒரு போன் வச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டபடி கோகிலா எழுந்து போனாள். பையைத் துழாவும் ஈரச்சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவளின் கையில் போன் இல்லை; விரல்களுக்கிடையில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் மீன்பிடிச் சீட்டு. ஆறு நாள் ஊறிய கடதாசி கூழாகியிருந்தது. பேனையால் எழுதிய அவனுடைய பெயரும் திகதியும் மட்டும் இப்போதுதான் எழுதியதுபோல இருந்தன.

"பதினாறாம் திகதி," என்று வாசித்தாள். அவனைப் பார்க்கவில்லை. "காய்ச்சலோட மீன் பிடிச்சனீங்களோ."

நடையில் மறுபடி ஒரு தடவை அடித்தது.

"கோல் வருது," என்றாள். "எடுங்கோ."

அவன் எடுக்கவில்லை. கொளுக்கியிலிருந்து ஜாக்கெட்டை உருவிக்கொண்டு படியிறங்கினான். மூன்று மாடிக்கும் சொட்டியது. காருக்குள் பக்கத்து இருக்கையில் போட்டான். இருக்கைப்பட்டி போடச் சொல்லிக் கார் எச்சரித்தது. ஆள் இருக்கும் பாரம். எங்கிருந்து வந்ததோ அங்கேயே எறிந்துவிட வேண்டும். எறிந்தால் முடியும். பிறகு கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். எல்லாவற்றையுமல்ல, சீட்டின் விஷயத்தை. மிஸ்ட் கோலைச் சொல்ல வேண்டியதில்லை. அதை எப்படிச் சொல்வது.

ஏரிக்கு வந்தபோது எட்டரை மணி. மே மாதம், வெளிச்சம் போக மனமில்லாமல் நின்றது. கரையில் ஒருவரும் இல்லை. தண்ணீர் தகடுபோலக் கிடந்தது, அதன்மேல் ஒரு வாத்துக்கூட இல்லை. வண்டிப்பாதை புல்லுக்குள்ளால் வந்து தண்ணீருக்குள் இறங்கிய இடத்தில் நின்று ஜாக்கெட்டைச் சுழற்றி எறிந்தான். அது போய் விழுந்தது. கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு மிதந்தது. தாழவில்லை.

உள்ளே தொலைபேசி அடித்தது.

இந்தத் தடவை ஒரு தடவையோடு நிற்கவில்லை. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது எடுத்தால், என்று அவனுக்குத் தோன்றியது. இப்போதாவது எடுத்தால். சப்பாத்தோடு இறங்கினான். காலுக்கடியில் பாதை கெட்டியாக இருந்தது. முழங்கால். இடுப்பு. தண்ணீர் குளிரவில்லை. இளஞ்சூடு. உப்பு மணம். ஜாக்கெட் அவனுக்கு முன்னால் ஒரு முழம், ஒரு முழமாக விலகியது. நெஞ்சுமட்டத்தில் அதைப் பிடித்தான். பையிலிருந்து எடுத்தது அவனுடைய தொலைபேசி இல்லை. தடித்தது. ஒரு பக்கத்தில் கட்டையான அன்ரனா. பச்சைப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தான்.

மூச்சு. பலருடைய மூச்சு. யாரோ ஒரு பிள்ளை இருமுகிறது.

"அண்ணை."

"கமலா."

"எடுத்திட்டீங்கள்," என்றாள் தங்கை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். "உங்களுக்குக் காய்ச்சலாம். இப்ப சுகமோ? மல்லித்தண்ணி குடிச்சனீங்களே?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"ஓம்," என்றான். "குடிச்சனான்."

"அப்ப சரி. பின்னுக்கு ஆக்கள் நிக்கினம் அண்ணை. வைக்கிறன். இனி உங்கட முறை."

அந்தக் கடைசிச் சொல் தொலைபேசிக்குள் கேட்கவில்லை. பக்கத்தில் கேட்டது.

நிமிர்ந்தான். முன்னால் ஒரு பெண்ணின் பின்னந்தலை. நனைந்த கொண்டை. அவளுக்கு முன்னால் இன்னொரு தலை. இன்னொன்று. தண்ணீர்மட்டத்தில், கழுத்தளவில், அக்கரைவரை. எல்லோரும் ஒரு கையை மேலே தூக்கியிருந்தார்கள். பை. பானை. சுருட்டிய பாய். ஒரு குழந்தை. ஒருவரும் அசையவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். பொறுமையாக. இரண்டு விரலால்.

"கெதியா அடியுங்கோ அண்ணை. ஒருக்காத்தான்."

தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. தொலைபேசியை நனையாமல் தூக்கிப் பிடித்தான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் ஒன்றே ஒன்றுதான், தன்னுடையது. பெருவிரலால் அடித்தான்.

கரையில் வெயில் அடித்தது. பகல் வெயில். அடுப்புப் புகை. இரண்டு மடக்குக் கதிரை. ஒன்றின் முதுகில் ஒரு நீல ஜாக்கெட், காய்ந்து மொரமொரவென்று. பிரெபென் எதையோ சொன்னான். பக்கத்தில் சொசேஜைத் திருப்பிக்கொண்டிருந்தவன் சிரித்தான்.

ஜாக்கெட்டுக்குள் மணி அடித்தது.

சிரித்தவன் எடுத்துப் பார்த்தான். ஏரிப்பக்கம் திரும்பினான். அவனுடைய அதே முகம் அவனை நேராகப் பார்த்தது; தண்ணீரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. கோணேஸ்வரன் கத்தினான். உப்புத் தண்ணீர் வாய்க்குள் வந்தது.

"இல்லை. மிஸ்ட் கோல்," என்றான் கரையில் நின்றவன். "ஆறுதலா எடுக்கலாம்."

தொலைபேசியைத் திரும்ப ஜாக்கெட்டுக்குள் போட்டான். பிறகு குனிந்து பிளாஸ்கை எடுத்தான். மூடியைத் திருகினான். ஏரிக்குள் ஊற்றினான்.

தண்ணீர் உதட்டுமட்டத்துக்கு வந்துவிட்டது. அதில் கொத்தமல்லி மணம். கொஞ்சம் இஞ்சி. இன்னும் சூடு ஆறவில்லை.