துப்பியதற்கு ஒரு சொல்

"ஸ்லைட். இன்சல்ட்." காலை ஷிஃப்டுக்கு முன்னால் மிதவைத் துறைமுகத்தின் சீனத் தொழிலாளிகள் கத்திப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தெளிவாகச் சொல்லிவிட்டால் ஆசிரியை அமலோற்பவம், "உச்சரிப்பு சரி" என்பாள். உடனே வகுப்பே அந்தச் சொல்லை ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஒரு பாடமா என்று கேட்காதீர்கள். உடம்பில் உயிர் தங்க அங்கே இதுதான் பாடம்.

மானம் போனவன் திருப்பி அடிக்கலாம் என்பது துறைமுகச் சட்டம். ஆனால் நேர்ந்தது என்னவென்று முதலில் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். ஸ்லைட், அதாவது சின்ன அலட்சியம் என்றால் ஓர் அறை; இன்சல்ட், அதாவது அவமதிப்பு என்றால் ஒரு குத்து. அதற்கும் மேலே ஒரு சொல் உண்டு. அதற்கு இரும்புக் கம்பி. அது அடுத்த வாரப் பாடம். புகார் சொல்பவன் கழுத்திலுள்ள மானமானி ரத்தக் கொதிப்பை அளக்கும். சொல் பொருந்தினால் பச்சை. பொருந்தாவிட்டால் பொய்ப்புகார், கம்பி எதிராளியின் கைக்குப் போய்விடும்.

வகுப்பு கலைந்ததும் வெல்டர் லியாங் மட்டும் நின்றான்.

"டீச்சர், எல்லார் முன்னாடியும் மூஞ்சில துப்பினா எந்த வார்த்தை?"

"யார் துப்பினது?"

"ஃபோர்மேன் கஸ்பார்."

கஸ்பார் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கூட்டிச் சொன்னால்தான் பொய்ப்புகார் என்று நினைத்திருந்தாள். குறைத்துச் சொல்ல எவனுக்குத் தோன்றும்? தம்பி ஓர் அறையோடு தப்பட்டும்.

"ஸ்லைட்னு சொல்லு, போதும்."

மதியம் கிரேனுக்கு அடியில் லியாங் அதைச் சொன்னான். அவன் கொதிப்பு அந்தச் சொல்லில் அடங்கவில்லை. மானமானி சிவந்தது. கஸ்பார் சிரித்துக்கொண்டே கம்பியை அவன் வலது கையில் இறக்கினான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. அந்தக் கை இனி வெல்டிங் டார்ச் பிடிக்காது.

சில நாள் கழித்து, வகுப்பு நிறைந்திருந்த நேரத்தில் லியாங் வந்தான். வலது கையில் கட்டு, இடது கையில் கம்பி.

"உங்களைத்தான் நம்பினேன் டீச்சர். என் ஆளுங்க முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டீங்க."

பிறகு, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரன் சொல்லிக்கொடுத்த அந்த மேல் சொல்லைச் சொன்னான். "ஹியூமிலியேஷன்."

அவன் கழுத்தில் பச்சை எரிந்தது.

ஓடிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கால் வரவில்லை. பாவி, ஒருவன் பிழைப்பையே பறித்துவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது. எழுதும் கையை மேசைமேல் நீட்டினாள்.

"உச்சரிப்பு சரி," என்றாள்.

கம்பி இறங்கியது. அவள் அலறலுக்கு மேலே வகுப்பு ஒரே குரலில் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னது.