டோரீன் கேட்ட மோதிரம்

தங்க மோதிரத்தை அராவிய அரத்திலிருந்து உதிர்ந்த தூள் மஞ்சளாக இல்லை. வெள்ளையாக, ஈரமாக, ஊறிய குதிகாலைச் சுரண்டினால் வருமே, அப்படிச் சுருண்டு சுருண்டு மேசையில் விழுந்தது. கிளைவ் அதை முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம். நாள்பட்ட புண்ணின் கட்டை அவிழ்த்த மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறி, மதியம் தின்ற வறுத்த மீனைத் தொண்டைவரை கொண்டுவந்தது.

கடல் அழுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அராவினான். புயல் ஓய்ந்த மறுநாள், அலை மேல்மணலை வாரிக்கொண்டு போயிருந்த இடத்தில், உலோகம் தேடும் கருவி அவன் காதில் வீலென்று கத்தியது. தோண்டினால் ஆண்பிள்ளை போடுகிற கனத்த தங்க மோதிரம். உள்பக்கம் ‘வால்ட்டர் – டோரீன்’ என்று வெட்டியிருந்தது.

இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் கடற்கரையில் கருவியோடு அலைகிறவர்களுக்குள் ஒரே சட்டம்தான். பேர் இல்லாத மோதிரத்தை விற்றுக்கொள்ளலாம். பேர் வெட்டியது உரியவர் கைக்குப் போயாக வேண்டும். டோரீன் யாரென்று அவன் தேடவே வேண்டாம். இறால் பிடிக்கப் போன புருஷன் வால்ட்டர் படகோடு காணாமல் போனதிலிருந்து, ஞாயிறுதோறும் ஃபிளாஸ்கில் டீயோடு கரைக்கு வந்து, குனிந்து தோண்டுகிற ஒவ்வொருவனிடமும் அவள் கேட்பாள். “அவரு மோதிரம் கெடச்சா என்கிட்ட குடுத்துடு, கண்ணு.” அந்த டீயை வாங்கிக் குடித்தவன்தான், இப்போது சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் பேரை அராவிக்கொண்டிருந்தான். வெட்கங்கெட்ட பயல்.

பழைய தங்கம் வாங்கும் கடைக்காரன் ஓவன், அவன் கொண்டுபோன மோதிரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தான். கல்லில் தங்கக் கோடு விழவில்லை. பிசுபிசுவென்று ஒரு ஈரம், அதில் ஒட்டியபடி பொடிப்பொடியாக ரோமம்.

“யோவ் கிளைவ், என்னய்யா இது? பன்றிக் கொழுப்புல முக்கி எடுத்தியா?”

“கடல்ல கெடந்தது அப்படித்தான் இருக்கும். பாதி விலை குடு, போதும்.”

“சும்மா குடுத்தாலும் வேண்டாம்.” ஓவன் கையைக் கால்சட்டையில் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். “இது சூடா இருக்குய்யா. காய்ச்சல்காரன் கை மாதிரி. எடுத்துட்டுப் போயிடு.”

குளிர்காலத்து வெளிச்சம் அதற்குள் வடிந்துவிட்டது. டிராமில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். கால்சட்டைப் பைக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ கசிந்து, துணியை நனைத்து, தொடையில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. இதை ஒழிக்க வேண்டும். விலை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவளிடமே தள்ளிவிட்டால் போதும்.

டோரீன் கதவைத் திறந்தாள். அவன் நீட்டிய மோதிரத்தைப் பார்த்தாள். ஏன் அராவியிருக்கிறது என்று கேட்கவில்லை.

“கொண்டுவந்துட்டியா! உள்ள வா, கண்ணு. நீயே போட்டு விடு. எனக்குக் கை நடுங்குது.”

“யாருக்குப் போடணும்?”

“அவருக்குத்தான். கடல்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வந்து சேர்ந்துட்டாரு. மோதிரம் ஒண்ணுதான் பாக்கி.”

கம்பளம் காலடியில் பிதுங்கியது. அதே வாடை. வீடு முழுக்க.

கணப்பின் அருகே நாற்காலி. அதில் தலையோடு போர்வை மூடிய ஓர் உருவம். இடக்கை மட்டும் வெளியே கிடந்தது. ஊறிய ரொட்டிபோல் உப்பி, வெளுத்து. மோதிர விரலின் அடியில் மட்டும், மோதிர அகலத்துக்குச் சுற்றிலும், தோல் இல்லை. செக்கச்செவேலென்ற பச்சைப் புண். அதன்மேல் நெருக்க நெருக்கமாக அரத்தின் கோடுகள்.

கிளைவ் பின்வாங்கினான். முதுகில் டோரீனின் உள்ளங்கை.

“மெதுவாப் போடு. மத்தியானம் பூரா வலிக்குதுன்னு முனகுனாரு, பாவம்.”

போட்டான். மோதிரத்துக்கு முன்னால் தோல் ஈரக் காலுறைபோல் சுருண்டுகொண்டே போனது. புண்ணில் பொருந்தி நின்றது.

கை புரண்டது. அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டது. கொழகொழவென்று. விடவில்லை.

“ரெண்டு பேரும் பேசிட்டிருங்க, டீ போடறேன்,” என்று டோரீன் அடுக்களைக்குப் போனாள். கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம்.

கை அவன் விரல்களை மேலே இழுத்தது. போர்வைக்கு அடியில். ஈரம். வெதுவெதுப்பு. நாக்கு.

அப்புறம் பற்கள். அவை கடிக்கவில்லை. அவன் விரலைச் சுற்றி, முன்னும் பின்னுமாக, பொறுமையாகச் சுரண்டத் தொடங்கின.