முழங்காலுக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர்

"மடக்கமாட்டேன்னா மடக்கமாட்டேன்!"

அம்மா அம்பிகா நாற்காலியில் உட்கார்ந்து காலை விறைப்பாக நீட்டியிருந்தார். பூங்குழலி இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் திருகி, உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது. வேலூரில் டாக்டர் சின்னத் துளை போட்டு, ஜவ்வைத் தைத்துவிட்டார். இனி மெல்ல மடக்கிப் பழக வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். மெஷின் பெடலை மறந்துவிட வேண்டியதுதான்.

"ஏம்மா பயப்படுற?"

"தைச்ச இடம் பிரிஞ்சிக்கும்டி. புதுசா தைச்ச பீஸை வளைச்சா எங்க சூப்பர்வைசர் இன்னா கத்து கத்துவாரு தெரியுமா?"

"சரி, ஷூவை வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு முன்ன இன்னா பண்ணுவீங்க?"

"மெஷின்ல மாட்டி மடக்கி மடக்கிப் பார்ப்பாங்க."

"எதுக்கு?"

"தையல் தாங்குதான்னு..." அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஷூவே தாங்குது. டாக்டர் தைச்சது தாங்காதா?"

"ஜாஸ்தி பேசாத!" என்றார் அம்மா. உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

பூங்குழலி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் கௌசர் அக்கா காட்டிய அளவில், நாற்காலிக்குக் கீழே சாக்பீஸால் கோடு போட்டாள். அம்மாவின் குதிகாலுக்கு அடியில் வழவழப்பான ஒரு பாலிதீன் பையை வைத்தாள்.

"நான்தான் செக்கிங் மேடம். காலைப் பின்னால இழுத்துக் கோட்டைத் தொட்டா பாஸ், உங்க கம்பெனி மாதிரி பச்சை ஸ்டிக்கர். தாண்டக் கூடாது. ஸ்டார்ட்!"

குதிகால் ஒரு சாண் நகர்ந்து நின்றது.

"ரிஜெக்ட்!"

"அடிப்பாவி! எங்க சூப்பர்வைசரே தேவலாம்!"

தினமும் ரிஜெக்ட். தினமும் அம்மாவின் திட்டு. ஆனால் கால் மட்டும் கோட்டை நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் பூங்குழலி கூப்பிடும் முன்பே அம்மா பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கௌசர் அக்கா கோணம் அளக்கும் கருவியை முழங்காலில் வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"தொண்ணூறு டிகிரி! சூப்பர்க்கா. இப்படியே போனா சீக்கிரம் மெஷின்ல உட்காரலாம்."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"மேடம், பாஸா, ரிஜெக்டா?"

பூங்குழலி தன் தோள்பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரை எடுத்தாள். அம்மாவின் முழங்கால் பட்டையில் பட்டென்று ஒட்டினாள்.

"பாஸ்! இந்தப் பீஸை வேலைக்கு அனுப்பலாம்!"