ஆறியதும் பிடித்த பிரேக்

"ஜூலியஸ்தான் என் பைக் பிரேக்கக் கெடுத்தான் மெடம். ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல தங்கச்சிக்கும் அவனுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஆதாரம் வேணும்."

இன்சூரன்ஸ் கம்பனிகளுக்கு விபத்து விசாரிக்கும் சுதர்ஷினியை ஜெறோம், கையில் கட்டோடு, ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அழைத்து வந்திருந்தான். அவர்கள் வந்த காரின் முகப்பில் அவன் அம்மா தெரேசம்மா, "மலை எறங்கணுமே" என்று ஃபாதர் மந்திரித்த கோயில் தண்ணீரைத் தெளித்தாள். உதவியாளர் ஜுனைதீன் அதற்குள் முற்றத்தில் நின்ற ஜெறோமின் பைக்கின் அடியில் தலையை விட்டிருந்தார்.

ஜூலியஸ், தங்கை ரோஷானிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. பைக்கைச் சீதனமாகக் கேட்டு மூக்குடைபட்டவன். சனிக்கிழமை ஜெறோமும் அவனுமாக முற்றத்தில் முன் பிரேக் ஒயிலை மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள். மறுநாள் புளத்கொகுபிட்டிய இறக்கத்தின் பாதியில் பிரேக் கைவிட்டது. சாலையோரக் கானுக்குள் விழுந்தெழுந்த ஜெறோம், லயமே பார்க்க ஜூலியஸின் கன்னத்தில் அறைந்தான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பிரேக் டியூப்ப வெட்டியிருப்பான்!" என்றார் ஜுனைதீன்.

சுதர்ஷினி பிரேக்கை அழுத்தினார். கெட்டியாக நின்றது. "விழுந்த பொறகு திருத்தினீங்களா?"

"இல்லங்க. சாயங்காலம் தூக்கும்போதே சரியா புடிச்சிச்சு."

"வெட்டின டியூப் தானா ஒட்டிக்காதே, ஜுனைதீன். பிரேக் சூட்டுல போயி, ஆறினதும் திரும்பி வந்திருக்கு."

ஜூலியஸையும் கூப்பிட்டு வரச் சொன்னார். அவன் வந்ததும் எல்லாரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். போத்தலில் மிஞ்சிய புது ஒயிலை ஒரு கரண்டியிலும், பைக்கிலிருந்து எடுத்ததை இன்னொன்றிலும் ஊற்றி அடுப்பில் காட்டினார். புதியது அசையவில்லை. பைக்கின் ஒயில் சடசடவென்று குமிழி விட்டது.

"இதுல தண்ணி கலந்திருக்கு. எறக்கத்துல பிரேக் சூடாகி, தண்ணி ஆவியாயிருச்சு. நீங்க புடிச்சது வெறும் ஆவியத்தான். பைக்கோட ஒயில் டப்பா தொறந்திருந்தப்ப யாரு பக்கத்துல இருந்தது?"

"நாங்க ரெண்டு பேருந்தான். நடுவுல நான் குழாய் எடுக்க உள்ள போனேன். வந்து மறுபடி பிரேக்க அழுத்தி, ஒயில கீழ வரைக்கும் எறக்கினோம்." ஜெறோம் ஜூலியஸை முறைத்தான். "தண்ணிய ஊத்தினியாடா?"

ஜூலியஸ் தரையைப் பார்த்தான். தெரேசம்மா கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தாள்.

"நான்தான்யா. புதுசா போடுறியே, உள்ளயும் ரெண்டு சொட்டு கோயில் தண்ணி போகட்டும்னு ஊத்தினேன். ஒனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான். இவன் பாத்துக்கிட்டுதான் நின்னான்."

ஜெறோம் ஜூலியஸின் பக்கம் திரும்பினான். "பாத்தியா? அப்ப அடிக்கும்போது ஏன் சொல்லல?"

"ஊத்தும்போது எனக்கும் வெளங்கல. நீங்க விழுந்த பொறகுதான் வெளங்கிச்சு. என் கன்னம் ரெண்டு நாள்ல ஆறிரும். மகனை நான்தான் விழுத்தினேன்னு தெரிஞ்சா, அம்மா தாங்குமா?"

"கல்யாணம் நின்னுபோயிருக்குமேடா!"

ஜெறோமுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. இவனையா போலீசில் கொடுக்க நினைத்தோம்? அடித்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்பை இந்த அறைக்குள்ளேயே கேட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் மனம் நழுவப் பார்த்தது; அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

கதவைத் திறந்தான். வேடிக்கை பார்க்க லயமே முற்றத்தில் கூடியிருந்தது. ஜூலியஸின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

"எல்லாரும் கேளுங்க," என்றான். "இவன் மேல ஒரு தப்பும் இல்ல; ஒங்க முன்னாடி அடிச்சதுக்கு, ஒங்க முன்னாடியே இவன்கிட்ட மன்னிப்பு கேக்குறேன்."