கழுவிய மோட்டாரில் வெள்ளைத் திட்டு

மாமியார் பஞ்சாலையின் வீட்டு வாசலுக்கு மருமகள் புனிதாவின் பெட்டி வந்ததும், தோட்டக் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் திடீரென்று துணி காயப்போடும் வேலை வந்துவிட்டது. சங்கிலி திருடினாள் என்று மாலை பஸ்ஸில் அவளை லோபாக்கிலிருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு.

இருந்தாலும் சங்கிலி கிடைக்க வேண்டுமே என்று பஞ்சாலை அந்தோனியம்மாளைக் கூட்டிவந்தாள். பகாவ் பக்கத்தில் காணாமற்போன கோழி முதல் கணவன் வரை கண்டுபிடித்தவள் அவள். கூடவே பள்ளி வேன் ஓட்டும் தேவதாஸ்; அழைக்காத இடத்துக்கு அவர்தான் முதல் ஆள். வாசலில் வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்து, இதுதான் கழுவின லட்சணமா என்று பஞ்சாலையின் இளைய மகன் குணாளனைக் கேலி செய்துகொண்டே நுழைந்தார்.

பஞ்சாலை தன் தங்கச் சங்கிலியை உப்பு ஜாடிக்குள் புதைத்திருந்தாள். திருடன் உப்பில் கைவைக்க மாட்டான் என்பது தோட்டத்துப் பெண்களின் நம்பிக்கை. நகை அங்கேதான் இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். ஈரக்காற்றில் உப்பு கல்லாய் இறுகியிருந்தது. மத்தியானம் அவள் கண்ணயர்ந்து எழுந்தபோது ஜாடி காலி. வீட்டில் இருந்தது புனிதாதான். குணாளன் வெளியே மோட்டார் கழுவிக்கொண்டிருந்தானாம்.

உப்பைக் கொட்டிய இடம் தேடி, தேவதாஸ் குப்பைத்தொட்டி, சாக்கடை எல்லாம் துழாவினார். ஒரு கல் உப்பு இல்லை.

"உப்பையும் சேத்துத் தின்னுட்டாளா லா?"

அந்தோனியம்மாள் ஜாடிக்குள் கைவிட்டாள். அடியில் ஈரம். ஜாடிக்குப் பின்னால் பிரிக்காத உப்புப் பாக்கெட். எல்லோரையும் வாசலுக்கு வரச் சொன்னாள்.

"கொத்தினா சத்தம் வரும், பஞ்சாலை, நீ முழிச்சுக்குவ. அதான் தண்ணிய ஊத்தி இளக்கி, வாளியில கரைச்சாச்சு. புனிதா செஞ்சிருந்தா, அந்தப் பாக்கெட்டக் கொட்டி ஜாடிய நிரப்பியிருப்பா. சமையக்கட்டுப் பக்கமே வராதவன் கண்ணுக்குத்தான் அது படல."

குணாளன் சிரித்தான். "தண்ணியில எங்க ஆன்ட்டி உப்பு? காட்டுங்க."

அவள் மோட்டாரைக் காட்டினாள். கறுப்பு சீட்டில் வெள்ளைத் திட்டுகள். தேவதாஸ் விரலால் தடவி நக்கினார், முகம் கோணியது. அந்தோனியம்மாள் குணாளன் பக்கம் திரும்பினாள்.

"கரைஞ்சதும் போயிருச்சுன்னு நெனச்சுட்ட. அந்தத் தண்ணியவே மோட்டார்ல ஊத்தின. வெயில்ல தண்ணிதான்டா போச்சு. உப்பு அங்கயே நிக்குது."

சீட்டைத் தூக்கினால், கந்தலில் சுற்றிய சங்கிலி.

பஞ்சாலை தானே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. அன்று புனிதா வைத்த மீன்குழம்பில் ஒரு கல் உப்பு இல்லை. பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. மாமியாரும் கொழுந்தனும் தலைநிமிராமல் தட்டைக் காலி செய்தார்கள்.