நாடற்ற சிறுநீரகம்

செவ்வாய்க்கிழமைகளில் சரண்ராஜும் மோனிஷாவும் ஒன்றாகவே மருத்துவமனைக்குக் கிளம்புவார்கள். வாசலைத் தாண்டியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். அவர் தரையிலுள்ள பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இதயப் பிரிவுக்குப் போவார். அவள் பழுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு முழங்காலைக் காட்டப் போவாள். சால்மெரா நாட்டின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் தரையில் இந்த இரண்டு கோடுகள் உண்டு. பச்சை, இந்த மண்ணில் வந்த நோய்களுக்கு. பழுப்பு, சொந்த நாட்டிலிருந்து கூடவே வந்த நோய்களுக்கு.

பழுப்புக் கோடு போய் முடிகிற அறைகளில் டாக்டர் இருக்கமாட்டார். சுவரிலிருந்து ஒரு தொலைக்கை நீண்டிருக்கும். டெலிஹேண்ட் என்றால்தான் பலருக்குப் புரியும். திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் விரலை மடக்கினால், இங்கே அது மோனிஷாவின் மூட்டை அமுக்கிப் பார்க்கும். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் ஊர்க்கதை பேசுவதுபோல நோய்க்கதை பேசுவார்கள்.

"உங்க பிரஷர் எந்த ஊருங்க?"

"அது கோயமுத்தூரு. கண்ணுதான் இங்க வந்தப்புறம் கெட்டுச்சு. அதுக்கு மட்டும் பச்சை."

இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் நல்லவர்கள் என்றுதான் எல்லாரும் நம்பினோம். ஊர்கள் காலியாகிப்போன குளிர்நாடுகளுக்கு மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். பங்குனியிலிருந்து ஆவணிவரை பகலில் தெருவில் இறங்க முடியாமல் தவித்த நம் ஊர் முதியவர்களுக்குக் குளிர்ச்சி வேண்டியிருந்தது. நடுவில் இடித்தது நோய்தான். யாருடைய பழைய நோயை யார் பார்ப்பது? அதற்குத்தான் நோய்ப் பிறப்பிட ஒப்பந்தம். நோய் எந்த நாட்டில் பிறந்ததோ, அந்த நாடே அதைப் பார்த்துக்கொள்ளும். புறப்படுமுன் நடக்கும் சோதனையில் எந்தெந்த நோயைத் தன்னுடையது என்று நம் அரசு ஏற்கிறதோ, அதற்குக் கடைசிவரை அதுவே பொறுப்பு. பிறகு வருவதெல்லாம் புது நாட்டின் பாடு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

அந்தச் செவ்வாயன்று மோனிஷாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. சில வாரங்களாகவே வீக்கம்தான். யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல, குளிரு" என்று மழுப்பிக்கொண்டிருந்தாள். சரண்ராஜ்தான் விடாப்பிடியாக அவளைப் பச்சைக் கோட்டின் வழியே இழுத்துப் போனார். ரத்தம் எடுத்தார்கள். பிறகு வேர்மானியில் படுக்கவைத்தார்கள். மரத்தை அறுத்து வளையம் பார்த்து வயது சொல்வதுபோல, அந்த இயந்திரம் ஒரு நோய்க்கு வயது சொல்லிவிடும். கொஞ்ச நேரத்தில் இருவரையும் பிறப்பிட அலுவலர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவள் ருக்சானா; சிறு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவள். தமிழ் நோயாளிகளுக்கு நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் அவள் வாயால்தான் வரும்.

"ஆன்ட்டி, ரெண்டு சிறுநீரகமும் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு," என்றாள். "காரணம் சர்க்கரை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இருந்துச்சும்மா. போயிருச்சு."

"அது போகாது ஆன்ட்டி."

"டெஸ்ட்ல பாஸாயிட்டேனே."

ருக்சானா அவளையே பார்த்தாள்.

நம் ஆட்கள் சர்க்கரைச் சோதனைக்குப் போவதில்லை, பரீட்சைக்குப் போகிறார்கள். தேதி தெரிந்ததும் பத்தியம் ஆரம்பித்துவிடும். மூன்று மாதச் சராசரி பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, மோனிஷா மூன்று மாதமும் அரிசியைக் கண்ணால் பார்க்கவில்லை. விடிந்தால் பாகற்காய்ச் சாறு, சாயங்காலம் வெந்தயத் தண்ணீர், மொட்டைமாடியில் நடை. சர்க்கரை இருந்தால் விசா தரமாட்டார்கள் என்று தெருவே சொன்னது. உண்மை அதற்கு நேர்மாறு. நோயைச் சொன்னவரைத்தான் அரசு தத்தெடுத்துக்கொண்டது. அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. முடிவு நன்றாக வந்த அன்று மோனிஷா அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தாள். தானும் இரண்டு சாப்பிட்டாள். சர்க்கரை ஒழிந்தது என்று மனசார நம்பினாள்.

"வேர்மானி கணக்குப்படி இந்த நோய் நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே தொடங்கினது," ருக்சானா நிதானமாகச் சொன்னாள். "அதனால சால்மெரா பார்க்காது. நம்ம அரசுகிட்ட கேட்டேன். எங்க சோதனையில இந்தம்மாவுக்குச் சர்க்கரையே இல்லை, இது எங்க நோய் இல்லைங்கிறாங்க."

"அப்ப யாரு நோய்?" என்றார் சரண்ராஜ்.

"யாரோடதும் இல்ல அங்கிள். இதுக்கு நாடற்ற நோய்னு பேரு."

புதுச் சிறுநீரகம் வளர்ப்பது இந்தக் காலத்தில் பெரிய விஷயமே இல்லை. திண்டுக்கல் அரசு மருத்துவமனையிலேயே வளர்க்கிறார்கள். ஆனால் நாடற்ற நோய்க்கு எந்த நாட்டிலும் ஒரு மாத்திரைகூடக் கிடையாது. தானாக ஊர் திரும்புகிறவர்கள் மறுபடி தத்தெடுக்கப்பட வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசை நகர்ந்து முடியும்வரை மோனிஷாவின் உடம்பு தாங்காது. ருக்சானா இதையும் மறைக்கவில்லை.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆன்ட்டி இங்க இருக்கறது அங்கிள் பொறுப்புல. பொறுப்பேத்தவங்க கைவிட்டா, அப்படி விடப்பட்டவங்களைத் தாய்நாடு உடனே கூட்டிக்கணும். எல்லா நோயோடயும். கேள்வி கேக்க முடியாது."

"கைவிடுறதுன்னா?"

"அங்கிள் இங்க வந்து, ஆன்ட்டி முன்னாடியே, வாய்விட்டுச் சொல்லணும். இவங்க எனக்கு வேண்டாம், இவங்களை நான் கைவிடுறேன்னு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. ஒரு போன் பேசினாக்கூட, கைவிட்டதே பொய்யுன்னு ஆயிரும். வைத்தியத்தை நிறுத்திருவாங்க."

சரண்ராஜ் எழுந்துவிட்டார். "அப்படி ஒரு வார்த்தை என் வாயில வராதும்மா. நானும் அவகூட ஊருக்கே போயிடறேன்."

அதுவும் நடக்காது என்பது அவருக்கே தெரியும். அவர் நெஞ்சுக்குள் ஓடுவது துணைஇதயம். இங்கே வந்த பிறகு வந்த இதயநோய் என்பதால் இந்த நாடு வைத்துக்கொடுத்தது. இந்த நாட்டு இதய வலையமைப்பிலிருந்துதான் அதற்கு ஒவ்வொரு துடிப்புக்கும் உத்தரவு வருகிறது. எல்லையைத் தாண்டினால் நின்றுவிடும். அவர் இதயத்துக்கு ஒரு நாடு, அவள் சிறுநீரகத்துக்கு வேறொரு நாடு. கல்யாணத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

மூன்றாம் நாள் வீட்டில் மோனிஷாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"சொல்லிட்டா என்னங்க? வெறும் வார்த்தைதானே."

"உனக்கு வார்த்தை. எனக்கு?"

"கல்யாணமான புதுசுல கோவத்துல எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, உங்கப்பன் வீட்டுக்கே போடின்னு. அப்ப மட்டும் சுலபமா வந்துச்சு."

"விளையாடாத மோனி."

"நான் விளையாடல. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் பயம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவளுக்குப் பிரசவம் சிக்கலானபோதும், பிள்ளை தங்காமல் போனபோதும்கூடச் சொன்னதில்லை. அவர் அவள் காலடியில் உட்கார்ந்து வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டார். விரல் அமுங்கிய இடம் மேலே வராமல் குழியாகவே நின்றது.

"திண்டுக்கல்ல யார் உன்னப் பாத்துக்குவாங்க?"

"என் தங்கச்சி சௌமி இருக்கா. அவ வீட்ல வெயிலுக்கு ஒதுங்கக் குளிரறை இருக்கு. நீங்கதான் சமையக்கட்டுல எது எங்க இருக்குன்னு தெரியாம நிப்பீங்க."

"அதெல்லாம் கத்துக்குவேன்."

அப்படிச் சொன்ன பிறகுதான், தான் சம்மதித்துவிட்டது அவருக்கே புரிந்தது. அன்று இருவரும் சேர்ந்து அழுதார்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த டப்பாவில் சீரகம், எதில் சோம்பு என்று காட்டிக்கொடுத்தாள். மறுநாளும் அவர் சோம்பைப் போட்டுத்தான் ரசம் வைத்தார். அவள் அதையே ஊற்றிச் சாப்பிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ருக்சானாவின் அறைக்குப் போனார்கள். மோனிஷா கல்யாணத்துக்குப் போவதுபோல நல்ல புடவை கட்டியிருந்தாள். பதிவுக்கருவி மேசைமேல் இருந்தது. குரல் தெளிவாக விழுந்தால் பச்சை விளக்கு எரியும், இல்லாவிட்டால் சிவப்பு.

சரண்ராஜ் தொண்டையைச் செருமினார். "இவங்க... எனக்கு..." அதற்குமேல் காற்றுதான் வந்தது. சிவப்பு.

"பரவால்ல அங்கிள். தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க."

குடித்தார். மறுபடி முயன்றார். இந்த முறை வார்த்தைகள் வந்தன, சத்தம் வரவில்லை. சிவப்பு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேண்டாம் மோனி, போயிடலாம்," என்றார்.

மோனிஷா தன் நாற்காலியை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள். முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையப் பாருங்க. அந்த மெஷினைப் பாக்காதீங்க. கொஞ்சம் சத்தமா சொல்லணும், அவ்வளவுதான். பக்கத்துல இருக்கற எனக்கே கேக்கல."

அவர் அவளைப் பார்த்தார்.

"மோனிஷா எனக்கு வேண்டாம். அவளை நான் கைவிடுறேன்."

"இன்னும் கொஞ்சம்."

"மோனிஷா எனக்கு வேண்டாம். அவளை நான் கைவிடுறேன்."

பச்சை எரிந்தது. நொடியில் திண்டுக்கல்லிலிருந்து பதிலும் வந்துவிட்டது. சர்க்கரை ஏற்கப்பட்டது. சிறுநீரகம் ஏற்கப்பட்டது. நாளைய விமானத்தில் இடமும் போட்டாகிவிட்டது. ருக்சானா அதைப் படித்துச் சொல்லும்போது அவள் குரலும் சரியாக இல்லை.

மோனிஷா பெருமூச்சு விட்டாள். "ஆச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம். காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல நீங்க," என்று அவரைக் கைபிடித்து எழுப்பினாள்.

ருக்சானா எழுந்து கதவருகே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இனிமே நீங்க அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. நாளைக்கு ஏர்போர்ட் போற வரைக்கும் எங்க விடுதியிலதான் இருக்கணும். பெட்டியை நான் எடுத்துட்டு வரச் சொல்றேன்."

மோனிஷா தான் பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, அந்தப் பெண்ணுக்கு இதற்குமேல் சங்கடம் வேண்டாம் என்று, அவளாகவே விட்டுவிட்டாள்.