முடிச்சிட்ட சுண்டுவிரல்

அன்று ஆய்வக அறையில் இருந்தவர்கள் இருவர். கண்ணாடிப் பெட்டியின் இடப்பக்க முக்காலியில் மோரக். கதவருகே நாற்காலியில், பெட்டிக்குள் இருக்கும் ஆக்ஸிஜனைக் காட்டும் மானியைப் பார்த்தபடி பேராசிரியர் லாக்லன். வலப்பக்க முக்காலி காலி. அது மிரியமாவின் இடம். போன மாதம் கீழ்த்தளத்தில் நைட்ரஜன் கசிந்து, மூச்சுக்குக் காற்றில்லாமல் செத்துப்போனாள்.

டனீடின் நகரத்து மழை ஜன்னலில் வழிய, மத்தியானமே மங்கிப்போய், ரப்பரும் எண்ணெயும் ஈரக்கோட்டும் கலந்த வாடை அறையில் தேங்கிக் கிடந்தது. பெட்டிக்குள் அடைத்த நைட்ரஜனின் அழுத்தத்தால், அதன் சுவரில் பொருத்திய கையுறைகள், யாரும் கை நுழைக்காதபோது, எப்போதும் உப்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மிரியமா தினமும் வந்ததும் அவற்றோடு கைகுலுக்குவாள். "என்ன துரை, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" தூண்டில் நரம்பு அறுத்து வலது சுண்டுவிரலை இழந்தவள், தன் கையுறையிலும் அந்த விரலை முடிச்சுப் போட்டிருந்தாள்.

இன்று அவளுடைய கையுறைகள் வெளியே நீட்டியிருக்கவில்லை. உள்ளே போயிருந்தன.

"லாக்லன், இதைத் தொட்டீங்களா?"

"நானா? தொட்டா உடைச்சிடுவேன்னு அவதானே என்னை இந்த மூலையில உக்கார வச்சா! படிகத்தை எடும்மா. கூரியர் வந்துடும்."

பெட்டிக்குள் இருந்த தட்டில், எண்ணெய்க்கு அடியில், ஒரு துளிக்குள், தேன் நிறத்தில் ஒற்றைப் புரதப் படிகம். மிரியமா வளர்த்தவற்றில் பிழைத்தது இது மட்டும்தான். காற்றுப் பட்டால் வெளுத்துச் செத்துவிடும். இதுவும் போனால் அவள் உழைத்ததற்கு அடையாளமே இல்லை.

மோரக் தன் பக்கக் கையுறைகளில் கைகளை நுழைத்தாள். படிகத்தை அள்ளும் நூல்வளையத்தை எடுத்தாள். தட்டு வழுக்கியது.

நின்றது.

முடிச்சிட்ட விரல் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"நீயாடி?" அழுகை வந்தது. படிகமும் வளையத்தில் வந்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

படிகத்தை உறையவைத்த குப்பியை லாக்லன் பொதிந்துகொண்டிருக்க, மோரக் மிரியமாவின் அம்மாவுக்கு எழுதினாள்: உங்கள் மகளின் படிகம் இன்று புறப்படுகிறது. அவள் மூச்சுக்குத் தவிக்கவில்லை, தூங்குவதுபோல் போய்விட்டாள். கடித உறையை ஒட்டி அவரிடம் கொடுத்தாள். அவர் படியிறங்கினார்.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்தாள். போகவில்லை.

உள்பக்கம்.

மறைந்தது. படிந்தது. மறைந்தது. மூச்சுக்குத் தவிப்பதுபோல், வேகமாக.

கீழே வண்டிக் கதவு சாத்தப்பட்டது. "லெட்டரும் போயாச்சு, மோரக்!"

ஆக்ஸிஜன் மானியில் பூஜ்யம். உள்ளிருந்து நான்கு விரல்களும் ஒரு முடிச்சும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தன.